ஐந்து பாம் சாடியும் ஒரு றங்குப்பெட்டியும்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
1966 தை 20

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி கத்தரீனாவுக்கு,

அண்ணன் சில்வெஸ்ரர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உம் மச்சாள் மேரிஜோசப்பினும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு நாங்கள் வந்தபோது உமக்கு இருந்த இருமல் விட்டுவிட்டதா?

யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் ஏற்றி வருகிற லொறிக்காரர் சிவகுரு வசம் பாம் என்கிற அலங்காரப் பனையில் ஆறு கன்று தகரத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதற்குக் கமுகம்பிள்ளை போல இருக்கும். காய்க்காது, பூக்காது, அழகுக்குத்தான். நான் வேலை செய்கிற கந்தோரின் துரை தன் பங்களா விறாந்தையில் வைத்திருக்கிற சாதி இது. இந்த வாடகை வீட்டில் கால் நீட்டவே இடமில்லை. வத்தளையில் வாங்கிய காணியில் அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. முன்பக்கம் நீள விறாந்தை. வீடு முடியும்வரை கன்றுகளை நீர் வளர்த்துத் தரவேண்டும்.

தயவுசெய்து நிலத்தில் வைத்துவிடாதேயும். வேர் ஓடினால் பிறகு கிளப்ப ஏலாது. சாடியிலேயே வளரட்டும், நிழலில் இருக்கட்டும். வீடு முடிந்ததும் அதே லொறியில் பாமும் வரும், நீரும் வாரும். அம்மா போன பிறகு நீர் அங்கே தனியாக இருப்பது எனக்குப் பெரிய மனக்கவலை. உமக்கென்று வடக்குப் பக்கத்தில் ஓர் அறை போடுகிறேன். யன்னலுக்குப் பச்சை பெயின்ற் அடிப்பிப்பேன். கோயில் நடந்து போகிற தூரம்தான்.

மாதா காவலில் உம்மை விட்டு,
உம் அண்ணன்
சில்வெஸ்ரர்


கரம்பொன்
1966 மாசி 27

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள அண்ணைக்கு,

இருமல் விட்டுவிட்டது. மச்சாளின் கால்வீக்கம் எப்படி? எழும்பி நடக்கச் சொல்லுங்கள்.

கன்றுகள் வந்து சேர்ந்தன. சிவகுரு அண்ணை குழந்தைப்பிள்ளையை இறக்குவது போல ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார். ஆனால் அண்ணை, நீங்கள் ஊரை விட்டுப் போய்க் கனகாலம். இங்கே கிணற்றுத் தண்ணி என்ன ருசி என்று மறந்துபோனீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணியை ஊற்றினேன், கிழமை ஒன்று போவதற்குள் இலை நுனி எல்லாம் தீய்ந்துவிட்டது. உவர் ஆகாதாம். இப்போது கோயில் கிணற்றுக்கு நடந்து போய் நல்ல தண்ணி அள்ளி வருகிறேன். எனக்குக் குடிக்க ஒரு குடம், உங்கள் பாமுக்கு இரண்டு குடம்.

முன்வீட்டு றோஸ் அக்காவின் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "ஊர் முழுக்கப் பனை நிக்குது. இவள் ஒருத்தி பனையைச் சாடிக்குள்ளை வைச்சுத் தாலாட்டுறாள்" என்று ஒழுங்கை கேட்கச் சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கட்டும். கொழும்புக்குப் போகிற பனை என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். அருளப்புவைத் தெரியும்தானே, சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர், என்னிலும் நாலைந்து வயது மூப்பு. கன்றுகளுக்கு இந்த மணல் சரிவராது என்று யாரோ சொல்லக் கேட்டு, அக்கரைக்குப் போன இடத்தில் இரண்டு சாக்குச் செம்மண் அள்ளி வந்து வாசல் படலைக்குள் வைத்துவிட்டுப் போனார். கேட்காமலே செய்தது. பிறகுதான் விளங்கியது. அவருடைய தாய் போன ஞாயிறு பூசை முடியப் பங்குச் சுவாமியிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறா.

எனக்கு முப்பத்திரண்டு வயது. மறைப்பதற்கு என்ன, எனக்கு மனம் இல்லாமல் இல்லை. அம்மா சொன்னபடி இந்த வீட்டைச் சீதனமாக என் பெயருக்கு எழுதித் தர வேண்டியவர் நீங்கள். ஆனால் கொழும்புக்கு வா என்று கூப்பிடுகிறவரும் நீங்கள்தான். இரண்டு வள்ளத்தில் கால் வைக்க ஏலாது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும்.
தங்கச்சி
கத்தரீனா


கொட்டாஞ்சேனை
1966 சித்திரை 16

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு நன்றாகக் கழிந்ததா? இங்கே வெக்கை தாங்க ஏலாது, மற்றப்படி குறையில்லை.

பாம் விஷயமாகப் பேராதனைப் பூந்தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். கவனமாக வாசியும். பசளை சாடிக்கு அளவாகத்தான் போடவேண்டும். நிலத்து மரம் என்றால் கூடிப்போனதை மண் இழுத்துவிடும், சாடியில் அது வேரோடுதான் நிற்கும். நன்றாக மக்கிய ஆட்டெரு நல்லது. பச்சை எரு சூடு, கூடாது. மீன் கழுவின தண்ணீர் இடைக்கிடை ஊற்றினால் இலை கறுத்து வளருமாம். உமக்கு மீனுக்கா பஞ்சம்? சாடியைக் கிழமைக்கொருமுறை கொஞ்சம் திருப்பி வையும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இலையை ஈரத்துணியால் துடைத்துவிடும்.

அருளப்பு நல்ல பொடியன்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடல் சீவியம், இன்றைக்கு இருப்பது நாளைக்கு இல்லை. நீர் அவசரப்பட வேண்டாம். கொழும்புக்கு வந்தால் உம்முடைய படிப்புக்கும் குணத்துக்கும் ஏற்ற இடம் நானே பார்ப்பேன். சுவரெல்லாம் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. உம்முடைய அறைக்கு நிலை வைத்தாயிற்று. சுவாமியிடம் பக்குவமாகச் சொல்லிவிடும்.

ஆண்டவர் துணை நிற்பாராக.
அண்ணன்
சில்வெஸ்ரர்


கரம்பொன்
1966 ஆடி 9

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள அண்ணைக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்காகவும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சுவாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நல்லாக யோசித்தனீரா என்று கேட்டார். அண்ணை சொன்னவர் என்றேன். சரி என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஒரு கன்று செத்துப்போனது. கோபிக்க வேண்டாம், பிழை பாதி உங்களில். மீன் கழுவின தண்ணீர் என்று எழுதினீர்கள். நான் ஒருத்தி தின்கிற மீனைக் கழுவினால் ஒரு சிரட்டைத் தண்ணி மிஞ்சும். அதனால் வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், மீன் கழுவுகிற பெண்களிடம் இரத்தமும் செதிளுமாக ஒரு வாளி வாங்கி வந்து, பெரிய கன்றுக்கு முதலில் ஊற்றினேன். இரண்டாம் நாள் இலை சுருண்டது. அருளப்பு கேள்விப்பட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, கரையிலை ஆர் நல்ல தண்ணியிலை மீன் கழுவுறது? உது கடல் தண்ணியெல்லே" என்றார்.

எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அண்ணை எழுதிவிட்டால் எனக்கு மூளை வேலை செய்வதில்லை. அவர் சாடியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டி வேரைக் கழுவிப் பார்த்தார், மிஞ்சவில்லை. மற்ற ஐந்துக்கும் பழைய ஆட்டெரு கொண்டுவந்து தந்தார். வேண்டாம் என்று சொன்னவளுக்கு எரு கொண்டு வருகிற ஆளைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நினைப்பதை எழுதப் போவதில்லை.

கூரை எப்போது போடுவீர்கள்?

தங்கச்சி
கத்தரீனா


கரம்பொன்
1967 தை 8

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள அண்ணைக்கு,

புது வருஷ வாழ்த்துக்கள். ஆடியில் எழுதியதற்கும் பதில் இல்லை, பாலன் பிறந்த நத்தாருக்கும் ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துபோய் இருக்கிறேன்.

ஐந்தும் என் இடுப்புக்கு வந்துவிட்டன. சிறு சாடியிலிருந்து எடுத்துப் பெரிய மண் சாடிக்கு மாற்றினேன். நத்தாருக்குப் பாலன் குடிலுக்கு இரண்டு பக்கமும் வைக்கக் கேட்டார்கள், கொடுத்தேன். சுவாமி பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். றோஸ் அக்காவும் திரும்பித் திரும்பிப் பார்த்தா, இப்போது தாலாட்டுக் கதை இல்லை. தனக்கும் ஒரு கன்று பிரித்துத் தரட்டாம்.

நான் கொழும்புக்குப் போவது ஊர் முழுக்கத் தெரியும். எப்போது என்று காணுகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நல்லதாக ஒரு பதில் எழுதி விடுங்கள், எனக்குப் பொய் சொல்ல வராது.

தங்கச்சி
கத்தரீனா


கொட்டாஞ்சேனை
1967 மாசி 25

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் பிந்தியதற்கு மன்னிக்கவும். எல்லோரும் சுகம். சந்தோஷ செய்தி ஒன்று: மேரிஜோசப்பின் ஆவணியில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கிறாள். அவளுக்காகச் செபியும். வீட்டு வேலை, கந்தோர் வேலை, டொக்டர் என்று ஓடித் திரிகிறேன்.

பாம் இடுப்பளவு வந்தது மெத்தச் சந்தோஷம். மழை விட்டபடியால் இனி எருவைக் கொஞ்சம் கூட்டலாம். கோயிலுக்கும் மற்ற வீடுகளுக்கும் இரவல் கொடுக்கும்போது கவனம், தூக்குகிறவர்கள் தண்டில் பிடிக்கக் கூடாது. கன்று பிரித்து ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், பற்றை மெலிந்துவிடும்.

நேரம் வந்ததும் அறிவிப்பேன்.
அண்ணன்
சில்வெஸ்ரர்


கரம்பொன்
1967 ஆவணி 30

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள அண்ணைக்கு,

பெண்பிள்ளை பிறந்த தந்தி கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்றறிந்து முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். பிள்ளையைத் தூக்க எனக்குக் கை துடிக்கிறது. மச்சாளுக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருவேன்.

போன திங்கள் அருளப்புவுக்குக் கலியாணம். பெண் புங்குடுதீவு, நல்ல பிள்ளை, சிரித்த முகம். பீடத்துக்கு இரண்டு பக்கமும் வைக்கப் பாம் சாடி தரமுடியுமா என்று அவருடைய தாயே வந்து கேட்டா. எப்படி இல்லை என்பது? இலையெல்லாம் துடைத்துக் கொடுத்தேன். பூசைக்கும் போனேன். அவர்கள் முழங்காலில் நிற்க, என் சாடிகள் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றன. அண்ணை, உங்களுக்கு ஒளிக்க மாட்டேன். விருந்துக்கு நிற்க என்னால் ஏலவில்லை. வீட்டுக்கு வந்து, கொழும்பு அறையையும் பச்சை யன்னலையும் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உடுப்பு அடுக்கிய றங்குப்பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். நாளைச் சொல்லுங்கள்.

மகளுக்கு என் முத்தம்.
தங்கச்சி
கத்தரீனா


கொட்டாஞ்சேனை
1967 கார்த்திகை 18

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒருவழியாக வீடு முடிந்தது. மார்கழி எட்டு, மாதா திருநாளன்று சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கிறோம். கந்தோர்த் துரையும் வருகிறார். நாலாந்திகதி காலையில் சிவகுருவின் லொறி வரும். இரண்டு நாள் முன்னரே தண்ணீர் விடுவதை நிறுத்தும், சாடி பாரம் குறையும். ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துச் சாக்கால் சுற்றிக் கட்டும். சாடிக்கு இடையில் வைக்கோல் அடைத்துவிடும். எரு போட வேண்டாம், பிரயாணத்துக்குக் கூடாது.

மற்றதெல்லாம் சிவகுருவிடம் சொல்லி விட்டிருக்கிறேன்.

அண்ணன்
சில்வெஸ்ரர்


கரம்பொன்
1967 மார்கழி 5

சேசு மரி சூசை துணை

அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

நேற்று லொறி வந்தது. நான் கோடிச் சேலை உடுத்து, றங்குப்பெட்டியைப் படலையடியில் வைத்துவிட்டு நின்றேன். வழியனுப்ப ஒழுங்கையே திரண்டு வந்தது. றோஸ் அக்கா வழியில் தின்ன இடியப்பம் கட்டி வந்தா, என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அருளப்புவின் பெண்சாதி கூட வந்திருந்தா. சாடி ஐந்தையும் ஏற்றினார்கள். நான் வைக்கோல் அடைத்துக் கொடுத்தேன். பிறகு பெட்டியைக் காட்டினேன். சிவகுரு அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவர் சாடியளை மட்டும்தான் ஏத்தச் சொன்னவர். உமக்கு இப்ப இடம் வசதிப்படாது எண்டு சொல்லச் சொன்னவர். எனக்கு உதைச் சொல்ல வாய் வருகுதில்லை."

அந்த மனுசனின் கண் கலங்கியது. உங்களுக்கு எழுதக் கை வரவில்லை, ஊரான் ஒருவனை விட்டுச் சொல்வித்தீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: லொறி குலுக்குமாம், நத்தார் முடிய றெயினில் கூட்டிப்போக அண்ணை வாறாராம். பொய் சொல்ல வராது என்று உங்களுக்கு எழுதியவள் நான். உங்கள் மானத்துக்காக வந்தது. றோஸ் அக்கா நம்பவில்லை. இடியப்பப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கவும் இல்லை.

ஏன் அண்ணை? ஒரு வரி, நீங்களே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கத்தரீனா


வத்தளை
1968 தை 14

அன்புள்ள மச்சாளுக்கு,

மேரிஜோசப்பின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மகளும் நலம். இவருக்கு எழுத நேரமில்லை, ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. வீடு மந்திரித்த அன்று வந்தவர்கள் எல்லோரும் உங்கள் பாமைத்தான் பார்த்தார்கள். துரையின் மனைவி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டா. என் தங்கச்சி ஊரில் வளர்த்தது என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

நீங்களும் வந்து எங்களோடு இருந்தால் எனக்கு எவ்வளவு உதவி. வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே உங்களைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊரையும் கோயிலையும் விட்டு வரமாட்டேன் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நிற்பதாக இவர் சொன்னார். கட்டாயப்படுத்த ஏலாதுதானே. வடக்குப் பக்கத்து அறையை இவர் கந்தோர் அறையாக்கி மேசை போட்டிருக்கிறார்.

இன்னொன்றுக்கும் நன்றி. உங்களுக்குக் கலியாண விருப்பம் இல்லாதபடியால், கரம்பொன் வீட்டை எங்கள் மகளின் பெயருக்கு எழுதலாம் என்று நீங்களே சொன்னதாக இவர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். யாருக்கு வரும் அந்த மனது.

அன்புடன்
மேரிஜோசப்பின்


வத்தளை
1968 மாசி 20

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீர் மனஸ்தாபப்பட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. நேரில் பேசவேண்டிய விஷயங்கள், பிறகு ஆறுதலாகப் பேசுவோம்.

இப்போது அவசரம் ஒன்று. பாம் ஐந்தும் மஞ்சளாகி அடி ஓலை உதிர்கிறது. கடையில் அமோனியா பசளை வாங்கி இரண்டு முறை போட்டேன், இன்னும் மோசம். சித்திரையில் துரை மறுபடி வருகிறார். நீர் என்ன எரு, எவ்வளவு, எத்தனை நாளைக்கொருமுறை போட்டீர் என்று உடனே விபரமாக எழுதும்.

அண்ணன்
சில்வெஸ்ரர்


கரம்பொன்
1968 பங்குனி 3

சேசு மரி சூசை துணை

திரு. சில்வெஸ்ரர் அவர்களுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள், அதில் எனக்கு வஞ்சகம் இல்லை.

முதலில் பாம். அது ஒருவருக்கும் பாவம் செய்யவில்லை. அமோனியாவை இன்றோடு நிறுத்துங்கள். சாடி ஏற்கெனவே வேரால் நிறைந்து கிடக்கிறது, அதற்கு மேலே பசளை கொட்டினால் வேர் வெந்துபோகும். சாடியின் அடித் துவாரத்தைக் குத்திவிட்டு, நல்ல தண்ணியை அடியால் ஓடி வடியும்வரை ஊற்றி, நிழலில் வடிய விடுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மேல் மண் காய்ந்த பிறகுதான் திரும்பத் தண்ணி. புதுக் குருத்து வரும்வரை ஒன்றும் போட வேண்டாம். பிறகு பழைய ஆட்டெரு, ஒரு கைப்பிடி, தண்டில் முட்டாமல். அதை எனக்குச் சொல்லித் தந்தவருக்கு இப்போது கலியாணமாகிவிட்டது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

இனி வீடு. மகளுக்கு எழுதச் சொல்லி நான் எப்போது சொன்னனான்? இந்த வீடு கத்தரீனாவுக்கு என்று அம்மா சுவாமிக்கு முன்னால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் நீங்கள். நான் கலியாணம் முடித்தால் வீட்டை எனக்கு எழுதித் தர வேண்டிவரும் என்றுதானே கொழும்பைக் காட்டிக் காட்டி என்னை இருத்தி வைத்தீர்கள். மூன்றாம் மனுசன் செய்திருந்தால் ஏச்சோடு விட்டிருப்பேன். நீங்கள் என் கூடப்பிறந்தவர், நான் தாயும் தகப்பனுமாக நம்பியவர். உங்கள் கையெழுத்தைக் கண்டாலே இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

மச்சாளுக்கும் இதே தபாலில் எழுதியிருக்கிறேன், நடந்தது எல்லாம், ஒன்றும் விடாமல். அவ உங்களிடம் கேட்பா. பதிலை யோசித்து வையுங்கள்.

நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். யார் வந்து எழுப்புவது என்று பார்க்கிறேன். ஆனால் உங்களை நான் மறக்கவில்லை. பென்சன் எடுத்த பிறகு ஊரில் வந்திருக்க ஆசைப்படுவீர்கள். தாராளமாக வாருங்கள். உங்களுக்கென்று வடக்குப் பக்கத்தில் ஓர் அறை போடுகிறேன். யன்னலுக்குப் பச்சை பெயின்ற் அடிப்பிப்பேன். கோயில் நடந்து போகிற தூரம்தான். நான் சொல்லும்வரை வேறிடம் ஒன்றும் பார்க்க வேண்டாம்.

ஒரு நாள் காலையில் சிவகுரு அண்ணையின் லொறி வரும். பாம் சாடிகளைச் சாக்குச் சுற்றிக் கட்டி, உங்கள் பெட்டியையும் படலையடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆயத்தமாக நில்லுங்கள். மற்றதெல்லாம் சிவகுரு அண்ணையிடம் சொல்லி விடுவேன்.

கத்தரீனா